கல் வளையத்துக்கு வெளியே பூத்த லில்லி

நீளவாக்கில் தைத்த அந்த நோட்டின் பதினேழாம் பக்கத்தில், மேலிருந்து ஆறாவது வரியாக, என் கையெழுத்தில் இவ்வளவுதான் இருக்கிறது: "மாலை 5.40. தோட்டக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டார். தலையில் துணி மூட்டை. கனம்." மை பழுப்பேறிவிட்டது. எழுத்து தெளிவாகவே இருக்கிறது. இந்த வரியில் பிழை எதுவும் இல்லை. மணி சரி, கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். மூட்டை இருந்தது உண்மை. அது கனமாக இருந்ததும் உண்மை. அதைத் தலைக்கு ஏற்றும்போது அவர் கிணற்றடித் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்த இந்த ஒரு வரியால் ஒருவருடைய வேலை போயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த நோட்டு என் பொறுப்பில் இருக்கிறது; இப்போது என் தகரப் பெட்டியில், அந்த ஆண்டின் நாட்குறிப்புக்கு அடியில் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வைகையின் வடகரையில், தல்லாகுளத்துப் பக்கம் பங்களா கட்டிக்கொண்டு குடியிருந்த ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவரிடம் எழுத்தராக இருந்தேன். அவர் உத்தியோகக் காலம் முழுவதும் அணைக்கட்டு, மதகு, வாய்க்கால் என்று தண்ணீரை அளந்துகொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அளப்பதை நிறுத்த முடியவில்லை. வாசலில் மழைமானி வைத்திருந்தார். வராந்தாவில் வெப்பமானி தொங்கியது. கிணற்றின் உட்சுவரில் அடிக்கணக்கில் கோடு போட்டிருந்தது. இவற்றையெல்லாம் காலையிலும் மாலையிலும் பார்த்து எழுதுவது என் வேலை. வேறு யாருக்கும் சலித்துப்போயிருக்கும். எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாளின் கட்டம் கூட வெறுமையாக விடப்படாத பக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு ஏற்பட்ட திருப்தியை இன்றும் நான் மறுக்கமாட்டேன்.

அந்த ஆண்டு சித்திரை வெயிலுக்கு இன்ஜினீயர் கொடைக்கானல் போயிருந்தார். வைகாசி முதல் வாரம் திரும்பி வந்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவில் ஈரப்பாசி பொதிந்து மூன்று கிழங்குகள் கொண்டுவந்தார். மலை லில்லிக் கிழங்குகள். மலையில் அது உயர்ந்த புல்சரிவுகளில் மட்டும், அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வளர்கிறதாம். ஆளின் மார்பு உயரத்துக்கு ஒற்றைத் தண்டு. அதன் உச்சியில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பூ, நாதஸ்வரத்தின் வாய் போல விரிந்தது. அங்குள்ள பங்களாக்காரர்கள் சிலர் அதைச் சரிவிலிருந்து பெயர்த்துவந்து, சீமைப் பூச்செடிகளின் நடுவே பாத்தியில் வைத்து வளர்த்தார்கள். இவர் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்திலும் இருந்ததாம். மதுரை வெயிலில் அது முளைக்கக்கூட முளைக்காது என்று அந்த வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சுக்காகவே மூன்று கிழங்கைக் கேட்டு வாங்கிவந்துவிட்டார். சமவெளியில் பூக்க வைத்து, அதன் விவரத்தை ஒரு தோட்டக்கலைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புவது என்பது அவருடைய தீர்மானம். கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பூண்டைப் போல, ஆனால் மேல்தோல் இல்லாமல், இதழ் இதழாகப் பிரிந்திருந்தது. எடையும் ஒரு பெரிய பூண்டின் எடைதான்.

இரண்டைத் தொட்டியில் வைத்தோம். மூன்றாவதைக் கிணற்றுக்கு வடபுறம், வெயில் குறைவாகப் படும் இடத்தில், ஒரு மல்லிகைப் புதருக்குச் சற்றுத் தள்ளித் தரையில் நட்டோம். நட்ட இடத்தில் ஒரு முளைக்குச்சியும் '3' என்று பொறித்த தகரத் துண்டும் வைத்து, அதைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கற்களை வளையமாக அடுக்கினார் இன்ஜினீயர். வளையத்துக்குள் யாரும் கை வைக்கக் கூடாது. உரம் கூடாது, கொத்தக் கூடாது, மண்ணை மாற்றக் கூடாது. காலையில் அரைப் படி தண்ணீர், அவ்வளவுதான். செடி மதுரை மண்ணில் வளர்ந்தது என்று சொல்வதானால் அது மதுரை மண்ணாகவே இருக்க வேண்டும் என்றார். அதற்காகத் தனியாக ஒரு நோட்டுப் போடச் சொன்னார். கிழங்குகளைச் சுற்றி என்ன நடந்தாலும், ஆடு வந்தாலும், மழை தூறினாலும், யார் வந்தாலும் யார் போனாலும் எழுத வேண்டும். எழுதினேன்.

தோட்ட வேலை பார்த்தவரை எல்லோரும் விளாங்குடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். விளாங்குடியில் தலைமுறை தலைமுறையாகச் சம்சாரி வீடு. கொஞ்சம் நிலம் இருந்தது, மழை பெய்தால் விளையும். நாற்பது வயது இருக்கும். ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வாசலில் நிற்பார். நான் எழுதிய எந்தப் பக்கத்திலும் அவர் ஆறைத் தாண்டி வந்ததாக இல்லை. என் நோட்டைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். "என்ன ரைட்டரய்யா, புள்ளத்தாச்சிக்கு நாள் எண்ணுறாப்புல எண்ணுறீக. பொறந்தா எங்களுக்கும் கருப்பட்டி உண்டுல்ல?" என்பார். நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பேன்.

ஆனால் கிழங்கு விஷயத்தில் அவர் விளையாட்டாக இல்லை. நட்ட அன்றே இன்ஜினீயரிடம் சொல்லிப் பார்த்தார். மலையில் பிறந்ததை வெறும் ஊர்மண்ணில் வைத்தால் தங்காது என்றார். "சாமியவே பிடிமண் எடுத்துட்டு வந்துதானய்யா எறக்குறோம். செடிக்கு ஒரு கை மலமண்ணு வேணாமா?" குலதெய்வத்தை விட்டு வேறு ஊருக்குக் குடிபோகிறவர்கள், பழைய கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய்ப் புது இடத்தில் வைத்துக் கும்பிடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். அதைச் சொன்னார். இன்ஜினீயர் கோபப்படவில்லை. சாமிக்கு அது சரி, சோதனைக்குச் சரிப்படாது என்று மட்டும் சொன்னார். அந்த உரையாடலையும் நான் எழுதி வைத்திருக்கிறேன், நான்காம் பக்கத்தில். அதைத் திருப்பிப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் திருப்பிப் பார்க்கவில்லை.

ஆனி முடிவதற்குள் தொட்டியில் இருந்த இரண்டும் அழுகிவிட்டன. மூன்றாவது இருந்த இடத்தில் மண் அப்படியே கிடந்தது. ஆடிக்காற்று வந்தது. இன்ஜினீயர் ஒரு நாளைக்கு நான்கு முறை கிணற்றடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். ஆடி இரண்டாம் வாரத்தில்தான் நான் மேலே சொன்ன வரியை எழுதினேன். அதற்குப் பத்து நாள் கழித்து, தோண்டிப் பார்த்துவிடலாம் என்றார். மண்வெட்டியை விளாங்குடிக்காரரிடம் கொடுத்தார். அவர் வாங்கவில்லை.

"ஒறங்குதுங்கய்யா. எழுப்புனா செத்துரும். இன்னும் ஒரு மாசம் பாப்பம்."

எஜமான் கொடுத்த மண்வெட்டியை வாங்காத தோட்டக்காரரை நான் முதல் முறையாகப் பார்த்தேன். இன்ஜினீயர் வீட்டு வேலைக்கிருந்த சேவகனைக் கூப்பிட்டுத் தோண்டச் சொன்னார். சேவகன் முளைக்குச்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றரை அடி ஆழம் தோண்டினான். கிழங்கு இல்லை. கருப்பாகக் கொஞ்சம் ஈரம் இருந்தது. சுண்டுவிரல் கனத்தில் வெள்ளையாக ஒரு வேர் பக்கவாட்டில் ஓடியது. மண்வெட்டி பட்டு அறுந்தது. "மல்லிகை வேராக இருக்கலாம்" என்று எழுதினேன். மல்லிகை வேர் அந்த நிறத்தில் இருக்காது என்பது அந்தத் தோட்டத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிழங்கு நட்டதிலிருந்து தோட்டத்தை விட்டு வெளியே போனவை என்ன என்று இன்ஜினீயர் கேட்டார். நோட்டைப் புரட்டி, இருந்ததை வாசித்தேன். பிரப்பங்கூடை ஒன்று, பழுது பார்க்க. காய்ந்த மட்டைகள். பிறகு அந்த வரி. வாசிக்கும்போது என் குரலில் வேறுபாடு எதுவும் இருந்திருக்காது. இன்ஜினீயர் விளாங்குடிக்காரரைப் பார்த்து, மூட்டையில் என்ன என்றார்.

"மண்ணுங்கய்யா."

சேவகன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "விளாங்குடியில மண்ணுக்குப் பஞ்சமாண்ணே?" என்றான். இன்ஜினீயர் சிரிக்கவில்லை. எதற்கு மண் என்று இன்னொரு முறை கேட்டார். விளாங்குடிக்காரர் கல் வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டு உள்ளே போனார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விளாங்குடிக்காரர் என்னிடம் வந்தார். "ரைட்டரய்யா, நீங்க பாத்தீகள்ல?" என்றார். மூட்டையைப் பார்த்தேன், உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை என்றேன். அதுவும் முழுக்க உண்மையான பதில்தான்.

பத்தொன்பது நாள் கழித்து, ஆவணியில், மல்லிகைப் புதரின் ஓரத்தில் களை என்று நினைத்து ஒன்றைப் பிடுங்கப் போனேன். இலை ஒடுங்கி, கூர்மையாக, தண்டைச் சுற்றி அடுக்காக இருந்தது. இன்ஜினீயர் மலையில் பென்சிலால் வரைந்துகொண்டு வந்த படத்தில் இருந்த இலை. கையை எடுத்துவிட்டேன். முளைக்குச்சி இருந்த இடத்திலிருந்து நாடா பிடித்து அளந்தேன். இரண்டு அடி மூன்று அங்குலம். கல் வளையத்துக்கு வெளியே. இந்தச் சாதி லில்லியின் தண்டு நேராக மேலே வராமல் மண்ணுக்குள் கொஞ்ச தூரம் கிடையாக ஓடிவிட்டுத் தலைநீட்டும் என்பதும், ஓடும் வழியில் குட்டிக் கிழங்கு வைக்கும் என்பதும் பின்னால் இன்ஜினீயர் தருவித்த புத்தகத்தில் இருந்தன. தாய்க்கிழங்கு அழுகுவதற்குள் தண்டு வெளியே போய்விட்டது. நாங்கள் அறுத்த வெள்ளை வேர் வேர் அல்ல, அந்தத் தண்டு; அறுபட்ட இடத்துக்கு அப்பால் அது வைத்திருந்த குட்டிக் கிழங்கு பிழைத்துக்கொண்டது.

இன்னொன்றையும் அங்கே பார்த்தேன். செடி தலைநீட்டிய இடத்தில் ஒரு கூடை அளவுக்கு மண் வேறு நிறமாக இருந்தது. எங்கள் தோட்டத்து மண் செம்மண். இது கருப்பு, விரலில் பொடித்தால் மக்கிய இலையும் பாசி நாரும் தட்டுப்பட்டன. பிஸ்கட் டப்பாவில் வந்த அதே நார். இந்த மண் இங்கே வந்ததென்றால், இங்கே இருந்த மண் எங்கோ போயிருக்க வேண்டும். உள்ளே போய் நோட்டில் பதினேழாம் பக்கத்தை எடுத்தேன். "கனம்" என்று இருந்தது. பூண்டின் எடையுள்ள ஒரு கிழங்கைத் திருடுகிறவர் மடியில் செருகிக்கொண்டு போயிருக்கலாம். தூணைப் பிடித்துக்கொண்டு தலைக்கு ஏற்ற வேண்டியதில்லை. அவர் சொன்னதற்குச் சாட்சி என் வரியிலேயே இருந்தது. வாசித்துக் காட்டியவன் நான். கேட்டவர் நாற்பது ஆண்டு எடையும் அளவும் பார்த்தவர். இருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

செடியைக் கண்டதில் இன்ஜினீயருக்கு வந்த சந்தோஷத்தில் மண் விஷயம் இரண்டாவதாகப் போய்விட்டது. முழுவதையும் சொன்னேன். "அப்படியா, சரி, அந்த மனுஷனைக் கூட்டிவாரும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் விளாங்குடிக்குப் போனேன். அவர் மச்சினனின் மல்லிகைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து வரப்பில் போன ஒருவன் குரல் கொடுத்தான்.

"என்ன மாமா, கிழங்கு அவிஞ்சிருச்சா? பங்களாவுல இருந்து ஆள் வந்துருக்கு பங்கு கேட்டு."

"ஒனக்கு எடுத்து வச்சிருக்கேன் மாப்ள, போ" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "ஊருக்குள்ள இப்ப நான் கிழங்குக்காரன்" என்றார். சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தார். பக்கத்துப் பங்களாக்களில் இரண்டு இடத்தில் வேலை கேட்டுப் போயிருக்கிறார். செய்தி அவருக்கு முன்னால் போய்விட்டிருந்தது.

பிறகு நடந்ததைச் சொன்னார். மலைவாழைத்தார் ஏற்றிவரும் லாரியில் கூடப் போகிற உறவுக்காரர் ஒருவரிடம் சொல்லி ஒரு சாக்கு மலைமண் வரவழைத்திருக்கிறார். வளையத்துக்குள் கை வைக்கக் கூடாது என்பது உத்தரவு. "வளையத்துக்கு உள்ளதான தொடக்கூடாதுன்னீக. வெளிய ஒரு குழிய எடுத்துப் போட்டேன். வேரு கீழ கீழ வந்து தொட்டுக்கிரும்னு ஒரு நெனப்பு. எடுத்த மண்ண அங்கன குமிச்சு வச்சா நீங்க நோட்டுல எழுதிருவீகள்ல, அதான் கட்டித் தூக்கிட்டு வந்தேன்" என்றார். பின்னே ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். "மண்ணுன்னு சொன்னேன்ல. அதயே நம்பல. அம்புட்டையும் சொன்னா, சோதனையக் கெடுத்தவன்னு வேற பேரு வரும்."

தண்டு அவர் போட்ட மண்ணைத் தேடிப் போனது என்று நான் சொல்லமாட்டேன். புத்தகத்தில் அப்படி இல்லை. அது போன திசை அதுவாக இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வேலைக்கு வருமாறு கூப்பிட்டேன். வரவில்லை என்றார். மச்சினனுக்கு ஆள் தேவையாக இருந்தது, அது ஒரு காரணம். "அங்கிட்டு வந்தா ஒவ்வொரு நாளும் போகையில மூட்டைய அவுத்துக் காட்டணும் ரைட்டரய்யா. நீங்க கேக்க மாட்டீக. நானா காட்டுவேன்" என்றார். நான் சைக்கிளைத் திருப்பியபோது கூப்பிட்டு நிறுத்தினார்.

"அந்த நோட்டுல எம்பேர்ல ஒரு மூட்ட இருக்குல்ல. அதுக்குக் கீழ, அது மண்ணுன்னு எழுதிருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

எழுதுவதாகச் சொன்னேன்.

ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு லில்லி பூத்தது. மலையில் மார்பளவு வளர்வது இங்கே இருபத்திரண்டு அங்குலம்தான் வளர்ந்தது. ஒரே ஒரு மொட்டு. விடியற்காலையில் விரிந்தது; தொண்டைப் பகுதியில் இளமஞ்சள், வெளிப்புறத்தில் லேசான பச்சைக் கோடு. வாசனை கிணற்றடியிலிருந்து வாசல் வரைக்கும் வந்தது. முதல் நாளே தபால்காரரிடம் சொல்லி விளாங்குடிக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மதிலுக்கு வெளியே அவர் நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். இங்கிருந்தே தெரிகிறது என்றார். மதிலின் உயரமும் மல்லிகைப் புதரும் எனக்குத் தெரியும். அங்கிருந்து அந்தப் பூ தெரிந்திருக்க முடியாது. சற்று நேரம் நின்றுவிட்டு, "வாரேன்" என்று போய்விட்டார். மூன்றாம் நாள் இன்ஜினீயர் பூவைத் தண்டோடு அறுத்து, மையொற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தினார்.

சங்கத்துக்கு அனுப்ப நோட்டுக்கு ஒரு நல்ல பிரதி எழுதச் சொன்னார். அதில் வெப்பம், தண்ணீர், உயரம், பூத்த நாள் இவை போதும். ஆட்கள் விவகாரம் வேண்டாம் என்றார். மலைமண்ணையும் எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை. அனுப்பிய பிரதியில் குற்றச்சாட்டே இல்லை, ஆகவே திருத்தமும் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூல நோட்டு என் கையில்தான் இருந்தது. அதில் எழுதுவதற்குத் தடை ஒன்று உண்டு. நாள் கடந்த பதிவைத் தொடக் கூடாது. திருத்தம் எழுதினால், எழுதுகிற அன்றைய தேதியைப் பக்கத்தில் போட வேண்டும். இன்ஜினீயர் வைத்த விதி. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நாளை எழுதலாம் என்று ஒரு நாள் தள்ளினேன். அப்புறம், தள்ளிப்போன நாட்கள் தேதியில் தெரிந்துவிடுமே என்று தள்ளினேன். அடுத்த ஆண்டு லில்லி முளைக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு எனக்கு வேறு உத்தியோகம் கிடைத்தது. நோட்டை நீரே வைத்துக்கொள்ளும் என்றார் இன்ஜினீயர்.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சித்திரை வீதி முனையில் பூக்கூடைகளுக்கு நடுவே விளாங்குடிக்காரரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கூடையிலிருந்து மல்லிகையைக் கடைக்காரருக்கு அளந்து கொட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் என்னை அடையாளம் கண்டார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார், உடம்பு பெருத்துவிட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமல், ஏதோ போன வாரம் பேசியதைத் தொடர்வது போலக் கேட்டார்:

"எழுதிட்டீகளா ரைட்டரய்யா?"

"எழுதிவிட்டேன்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்த கடைக்காரரிடம், "சொன்னேன்ல, இவுகதான். எழுதுனா மாத்த மாட்டாக" என்றார். ஒரு கை பூவை அள்ளி வாழை இலையில் மடித்து என்னிடம் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்றைய நாட்குறிப்பில் அந்தச் சந்திப்பு இருக்கிறது, நேரம் இருக்கிறது, பூ இருக்கிறது. நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல் இல்லை. அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்று போன மாதம் அதே பூக்கடைக்காரர் சொன்னார்.

எனக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. இன்று காலை தகரப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். பதினேழாம் பக்கம், ஆறாவது வரி. பக்கத்திலேயே 'குறிப்பு' என்ற கட்டம் இருபத்திரண்டு ஆண்டுகளாக வெறுமையாக இருக்கிறது. நான் நிரப்பிய எந்த நோட்டிலும் வெறுமையாக விடப்பட்ட ஒரே கட்டம். பேனாவில் மை போட்டேன். "மூட்டையில் இருந்தது மண்" என்று எழுதினேன். பிறகு, விதிப்படி, அதன் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டேன்.